எந்த வரியில் நின்றீர்கள்? – ஒரு வாசிப்புக் குழுவின் கதை

2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில், 11 பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். வாரம் ஒரு கவிதை அல்லது சிறுகதை. வியாழன் இரவு அது குழுவில் வரும். அடுத்த புதன் வரை எழுதியோ குரல்பதிவாகவோ பேசலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு மாலை ஜூமில் கூடுவோம். ஏற்பாடு இவ்வளவுதான்.

எங்களில் எழுத்தாளர் யாரும் இல்லை. நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். திருநெல்வேலியில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர்; எல்லாருக்கும் அவர் ஐயா. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஒருவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம். ஆலங்குடிப் பக்கம் செம்மண் காட்டில் விவசாயம் பார்க்கும் அண்ணன், ஷார்ஜாவில் லாரி ஓட்டும் தம்பி, ஓசூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் பெண் என்று பலர். நண்பர்கள் நண்பர்களைச் சேர்த்ததில் ஒரு கட்டத்தில் 64 பேர் ஆனோம். இப்போது 23 பேர் இருக்கிறோம். 64 பேர் இருந்தபோது குழு செத்துக்கொண்டிருந்தது. 23 ஆனபிறகுதான் அதற்கு மூச்சு வந்தது. அது எப்படி நடந்தது என்பதை, கூட்டு வாசிப்பு நடத்த ஆசைப்படும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

தேய்ந்த காலம்

முதல் ஆறு மாதம் பேச்சுக்குக் குறைவில்லை. எல்லாரும் வீட்டில் இருந்தோம், எல்லாருக்கும் பயம் இருந்தது, பேச ஆள் வேண்டியிருந்தது. 2021 கடைசிக்குள் எல்லாம் வற்றிவிட்டது. பழைய உரையாடல்களைத் திரும்பப் படித்தபோது காரணம் தெரிந்தது. பதினான்கு பக்கக் கதை ஒன்றைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் 'அருமை' வந்திருக்கிறது. அடுத்து 'சிறப்பு'. அப்புறம் வரிசையாகக் கை தட்டும் படங்கள். அந்தக் கதையை இரண்டு முறை படித்துவிட்டு, ஓர் இடம் புரியாமல் கேட்க நினைத்தவர் இதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறார். 'அருமை' என்று சொல்லியாகிவிட்டால் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? அது கதவைச் சாத்தும் சொல்.

ஜூம் கூட்டங்களில் வேறு தொல்லை. காசு கட்டாத கணக்கில் நாற்பது நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். எங்களோடு இருந்த வேறொரு பெரியவர் நிறையப் படித்தவர். அவர் பேச ஆரம்பித்தால் எழுத்தாளரின் பிறப்பு, வாழ்ந்த காலம், வாங்கிய விருது, பட்ட கஷ்டம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 27 நிமிடம் ஆனது. அன்று எடுத்துக்கொண்ட கதையிலிருந்து ஒரு வாக்கியம்கூட அந்தப் பேச்சில் வரவில்லை. 'நன்றி ஐயா' என்று நாலு பேர் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. நடத்துகிற பொறுப்பு என்னுடையது. வயதுக்கு மரியாதை என்று நினைத்து அவரை நான் தடுக்கவில்லை. பேச வந்த மற்ற பதினெட்டுப் பேருக்கும் மரியாதை உண்டு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்னொரு சண்டையும் வந்தது. வாழும் எழுத்தாளர் ஒருவரின் புதிய புத்தகத்தை முழுக்க ஸ்கேன் செய்து ஒருவர் குழுவில் போட்டுவிட்டார். 'இலக்கியம் எல்லாருக்கும் பொது' என்று ஒரு பக்கம், 'அவர் சோத்துல மண்ணைப் போடாதீங்க' என்று ஒரு பக்கம். இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. அன்றைக்கு நான் கோப்பை நீக்கினேன், இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள். பழைய நூல்களுக்கு அந்தக் கவலை இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்த சங்க நூல்கள் இல்லாமல் எங்கள் குழு ஒரு வருடம்கூட ஓடியிருக்காது.

கேள்வி மாறியது

2022 ஜனவரியில், குழுவை மூடிவிடலாமா என்று சிலரிடம் தனியாகக் கேட்டேன். டீச்சரிடமிருந்து குரல்பதிவு வந்தது. 'வகுப்பில கதை எப்பிடி இருந்தது எண்டு கேட்டா பிள்ளையள் நல்லா இருந்தது எண்டுதான் சொல்லுவினம். அதுக்கு மேல ஒண்டும் வராது. நான் அப்பிடிக் கேக்கிறதில்லை. எந்த இடத்தில நிண்டனீங்கள் எண்டு கேப்பன். நீங்களும் கேட்டுப் பாருங்கோ.'

அதையே எடுத்துக்கொண்டோம். கருத்துச் சொல்ல வருபவர் முதலில் தான் நின்ற வரியைத் தன் கையால் தட்டச்சு செய்து போட வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். முதல் இரண்டு நாள் பாராட்டுப் படங்கள் கிடையாது. எழுத்தாளரைப் பற்றிய செய்தி கடைசி நாளில்தான். ஜூமில் ஆளுக்கு மூன்று நிமிடம், போன தடவை பேசாதவரிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே மாதத்தில் ஏழெட்டுப் பேர் போனார்கள். வருடம் முடிவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். காலை வணக்கம் அனுப்பும் இடமாகக் குழுவை வைத்திருந்தவர்களுக்கு இது ஒத்துவரவில்லை. நான் வருத்தப்பட்டேன் என்பது உண்மை. ஆனால் அதே மாதத்தில், ஏறக்குறைய இரண்டு வருடமாக ஒரு சொல் பேசாத நான்கு பேர் எழுத ஆரம்பித்தார்கள். 'எனக்கு விமர்சனம் எல்லாம் தெரியாதுங்க, ஆனா ஒரு வரியைக் காட்டலாம்ல' என்றார் அதில் ஒருவர். கையால் தட்டச்சு செய்வதில் இன்னொன்றும் இருந்தது. கண்ணால் ஓட்டிக்கொண்டு போகும்போது தவறுகிற சொல், விரலால் அடிக்கும்போது மாட்டிக்கொள்ளும்.

பொன்னகரம்

மாற்றம் எனக்கு முதலில் தெரிந்தது புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையில். 1934இல் மணிக்கொடி இதழில் வந்த கதை, சில பக்கம்தான். ஜட்கா வண்டி ஓட்டும் முருகேசன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குக் கஞ்சி கொடுக்க மனைவி அம்மாளுவிடம் காசில்லை. அவள் இருட்டுச் சந்துக்குள் ஒருவனோடு போகிறாள். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் தயங்காமல் கதையைப் பகிர்ந்துகொண்டோம்.

பாதிப் பேர் கடைசி வரியில் நின்றார்கள்: 'என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான் ஐயா, பொன்னகரம்!' நெல்லை ஐயா எழுதினார்: 'கதைக்கிறீர்களே என்பதில்தான் அறை விழுகிறது. வெட்டிப் பேச்சு பேசுகிறீர்களே என்கிறார்.' டீச்சருக்கு அது விளங்கவில்லை. 'எங்களுக்குக் கதைக்கிறது எண்டா பேசுறது. அவ்வளவுதான். நான் இந்தக் கதையை எத்தினையோ தரம் வாசிச்சிருக்கிறன். இதில கோவம் இருக்கெண்டு தெரியும், அது இந்தச் சொல்லில இருக்கெண்டு தெரியாது.' ஒரே வரியைக் கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு சூட்டோடும் அந்தப் பக்கம் வேறு சூட்டோடும் இத்தனை காலம் வாசித்து வந்திருக்கிறோம். ஒரே ஊர்க்காரர்கள் கூடிப் பேசியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. இணையத்தில் கூடுவதன் பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். தமிழின் பல ஊர்க் காதுகள் ஒரே வரியைக் கேட்கின்றன.

ஓசூர்ப் பெண் நின்ற இடம் வேறு. 'அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதித்து விட்டாள். ஆம், புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கத்தான்!' இதைப் போட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: 'அந்த "ஆம்" யாருக்குப் பதில்? கதையில யாரும் எதுவும் கேக்கலையே.' இரவு பதினோரு மணி. யாரும் பதில் எழுதவில்லை. மறுநாள் காலையில் ஆலங்குடி அண்ணன் எழுதினார்: 'நாமதான் கேட்டோம். மனசுக்குள்ள.'

செம்புலப் பெயல்நீர்

அடுத்து நான் விரிவாகச் சொல்ல விரும்புவது குறுந்தொகை 40. நான்கு அடி முதல் எட்டு அடி வரை உள்ள பாடல்களின் தொகை அது. இந்தப் பாட்டுக்கு ஐந்து அடி. சினிமாப் பாட்டு வழியாக இதன் வரிகள் தெரியாத ஆள் குறைவு.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே

உரை எதுவும் இல்லாமல் பாட்டை மட்டும் போட்டோம். 'பெயனீர்' என்பது பெயல் நீர், மழைத்தண்ணீர் என்று பிரித்துச் சொல்லவேண்டி வந்தது. உரையாசிரியர்கள் சொல்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான்: செம்மண்ணில் விழுந்த மழை அந்த மண்ணின் நிறத்தையே எடுத்துக்கொள்வதுபோல இரண்டு நெஞ்சும் கலந்துவிட்டன. பெரும்பாலோர் அந்த நான்காம் அடியில்தான் நின்றார்கள். புலவரின் பெயரே மறைந்து, இந்த உவமையே அவர் பெயராகி, செம்புலப்பெயனீரார் என்று நிற்கிறார் என்றால் அதில் ஆச்சரியமில்லை.

வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண் எங்கள் குழுவில் இருக்கிறாள். அவள் இரண்டாம் அடியைப் போட்டாள். 'எங்க வீட்டுல முதல்ல கேட்ட கேள்வி இதுதான். அவன் நமக்கு என்ன முறை ஆகணும்? எம்முறைக் கேளிர்னு படிக்கிறப்ப அப்பா குரல் கேக்குது. அவர் அதைச் சண்டையாக் கேட்டார். பாட்டுல இவன் சந்தோஷமாக் கேக்குறான். கேள்வி ஒண்ணேதான்.' பல முறை மேடையில் கேட்டுப் பழகிய பாட்டு, அன்று எனக்குப் புதிதாக இருந்தது. கடைசி அடியில் இருக்கும் 'தாம்' என்ற சொல்லையும் அவள்தான் காட்டினாள். தாமாகவே கலந்தன, நடுவில் யாரும் இல்லை, தாய் தகப்பன்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆலங்குடி அண்ணன் ஒரு வரி எழுதினார். 'செம்மண் தண்ணியை ஒரு சொம்புல புடிச்சு வச்சா காலையில மண்ணு அடியில நின்னுடும். கலந்தது பிரியும்ல?'

குழுவே திகைத்துவிட்டது. இரண்டு பேர் அவர்மேல் கோபப்பட்டார்கள், பாட்டைக் கெடுக்கிறீர்கள் என்று. நான் உள்ளூர மகிழ்ந்தேன், ஏனென்றால் அந்த உவமையைக் காலடியில் வைத்து வாழ்கிற ஆள் எங்களில் அவர் ஒருவர்தான். அந்த வாரம் அவர் ஊரில் மழை பெய்தது. வரப்போரம் ஓடிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, திண்ணையில் வைத்துப் படம் எடுத்துப் போட்டார். அச்சு அசல் செங்கல் நிறம். மறுநாள் காலை அடுத்த படம்: அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் இறங்கியிருக்கிறது, ஆனால் மேலே உள்ள தண்ணீர் தெளியவில்லை, நீர்த்த டீ மாதிரி இருக்கிறது. மூன்றாம் நாள் படத்திலும் அதே நிறம். கனத்த மணல்தான் இறங்குகிறது. நுண்ணிய களித்துகள் நாள் கணக்கில் நீரிலேயே மிதந்து கிடக்கும்.

அப்போது நெல்லை ஐயா தேற்றாங்கொட்டையை ஞாபகப்படுத்தினார். அவருடைய அம்மா பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை இழைத்துவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றுவாராம். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுமாம். கூடவே அவர் கலித்தொகையிலிருந்து ஓர் இடத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். அதன் நெய்தற்கலிப் பகுதியில், பிரிவால் புத்தி கலங்கித் திரிந்த ஒருத்தி, அவன் வந்து சேர்ந்ததும் தெளிகிறாள்; தேற்றாங்கொட்டை இட்ட கலங்கல் நீர் தெளிந்ததுபோல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு பாட்டில் கலங்குவதுதான் சேர்வது. மற்றதில் தெளிவதுதான் சேர்வது. எந்தப் பாடநூலிலும் நான் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்ததில்லை.

அதற்குப் பிறகே, பாட்டை யார் யாரிடம் எப்போது சொல்கிறார் என்ற கூற்றுக் குறிப்பைப் போட்டோம். முதல் சந்திப்புக்குப் பின், இவன் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள். அந்த அச்சத்தை அவள் முகத்தில் பார்த்து அவன் சொல்வது இந்தப் பாட்டு. ஆக, 'கலந்தது பிரியுமே' என்று அண்ணன் கேட்ட கேள்விதான் அவளுடைய கேள்வியும். உரையை முதல் நாளே போட்டிருந்தால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டோம். விடை முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்.

அந்த வாரத்தைக் கடைசியில் முடித்துவைத்தவரும் அண்ணனே. ஞாயிறு ஜூமில், அவருக்குக் கிடைத்த மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. 'நீங்க எல்லாரும் தண்ணியையே பாக்குறீங்க. நானும் அதத்தான் டம்ளர்ல புடிச்சேன். மண்ணைப் பாருங்க. மழை குடிச்ச மண்ணுல எது தண்ணி எது மண்ணுன்னு யாரு பிரிக்கிறது? அந்தப் பதத்துலதான் ஏர் புடிக்கணும். விதை போடணும்.'

நான் தவறவிட்டது

வரியைக் காட்டும் பழக்கம் எல்லா இடத்திலும் நல்லதில்லை என்பதை ஒரு இளைஞனை இழந்துதான் கற்றேன். 2023இல், அப்பா இறந்த ஒரு மாதத்தில், அவன் தான் எழுதிய கவிதையைக் குழுவில் போட்டான். வழக்கம்போல நானே தொடங்கினேன். இந்த வரி பழகிய வரியாக இருக்கிறது, இந்த இடத்தில் சொல் கூடிவிட்டது என்று எழுதினேன். எனக்குப் பின்னால் எட்டுப் பேர் வந்தார்கள். ஒருவரும் கடுமையாக எழுதவில்லை. எல்லாம் சரியான குறிப்புகள். அன்று ராத்திரியே அவன் குழுவிலிருந்து விலகினான். இரண்டு மாதம் என் அழைப்பை எடுக்கவில்லை. எடுத்த அன்று சொன்னான்: 'அக்கா, நான் கவிதை போடல. அழுதேன்.'

அவன் திரும்ப வரவில்லை. அதன் பிறகு, குழுவில் இருப்பவர் தாம் எழுதியதைப் போட்டால், எங்களுக்குள் தங்கிய வரியை மட்டும் திருப்பி எழுதுகிறோம். திருத்தம் அவர் வாய்விட்டுக் கேட்டால் மட்டும். இந்த விதி அப்போதே இருந்திருக்க வேண்டும்.

குறிப்பேடு

ஒவ்வொரு வாரமும் யார் எந்த வரியில் நின்றார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். தட்டச்சு செய்யவில்லை, பேனாவால் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. எங்களுக்கு முந்தைய தலைமுறை யாஹூ மின்னஞ்சல் குழுமங்களில் கூடி வாசித்தது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று அவர்கள் கூடிய இடங்களுக்கு எவ்வளவு அழகான பெயர்கள். அங்கே நடந்த பேச்சில் என்னென்ன வரிகள் திறந்திருக்குமோ. 2019 டிசம்பரோடு யாஹூ குழுமங்களில் கிடந்த பழைய மடல்களை நிறுவனம் நீக்கிவிட்டது. 2020 டிசம்பரில் சேவையும் நின்றது. தனியாகச் சேமித்து வைத்தவர்களிடம் இருப்பதுதான் மிச்சம். வாட்ஸ்அப்பில் நிலைமை இன்னும் மோசம். கைபேசி மாற்றும்போது காப்புப் பிரதி எடுக்க மறந்தால் போயிற்று. என் நோட்டு இப்போது மூன்றாவது.

அணிலாடு முன்றில்

குறுந்தொகை 40க்கு அடுத்த வாரம் 41ஐ எடுத்தோம். வேண்டுமென்று தேர்ந்தெடுக்கவில்லை, அடுத்த பாட்டு, அவ்வளவுதான். இதன் புலவருக்கும் பெயர் மறைந்து உவமையே பெயர்: அணிலாடு முன்றிலார். காதலன் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர்போல மகிழ்கிறேன். அவன் போய்விட்டால், காட்டு வழியோரச் சிற்றூரில் ஆட்கள் விட்டுப்போன, முற்றத்தில் அணில் விளையாடுகிற தனிவீடு போல ஆகிவிடுகிறேன் என்கிறாள் தோழியிடம்.

ஷார்ஜா தம்பி அதிகம் எழுதுகிறவன் இல்லை. அந்த வாரம் குரல்பதிவு அனுப்பினான். லாரியை நிறுத்தியிருக்க வேண்டும், பின்னால் இன்ஜின் சத்தம் இல்லை. நாலாவது அடியை வாசித்தான், 'மக்கள் போகிய அணிலாடு முன்றில்'. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னான்: 'அம்மா அக்கா வீட்டுக்குப் போனதுலேருந்து எங்க வீடு பூட்டித்தான் கெடக்கு. முதுகுளத்தூர் பக்கம். பக்கத்து வீட்டு மாமாட்ட முத்தத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிருக்கேன்.'

மறுநாள் படம் வந்தது. வேப்பமரம், பூட்டிய கதவு, கதவில் பழைய மாவிலைத் தோரணத்தின் காம்பு. அணில் இல்லை. நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

டீச்சர் இரண்டு நாள் கழித்து எழுதினார். '95இல சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது நாங்களும் வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட்டனாங்கள். முற்றத்தில அணில் விளையாடினதோ தெரியாது. ஆறு மாசம் கழிச்சு வந்து பார்க்கேக்க கிணத்தடியில பூசணிக்கொடி படர்ந்து காய்ச்சிருந்தது. ஒருத்தரும் நடேல்லை. அதை வெட்டிச் சமைக்க அம்மாவுக்கு மனம் வரேல்லை.'

அந்த வாரம் அதற்குமேல் யாரும் கருத்து எழுதவில்லை. புதன்கிழமை இரவு, நேரம் முடியும் முன், நெல்லை ஐயாவிடமிருந்து ஒரு படம் வந்தது. பழைய தபால் அலுவலகப் பதிவேடு மாதிரியான நீளக் காகிதம், நீல மை, அவருடைய சாய்ந்த கையெழுத்து, ஒரே ஒரு அடி:

மக்கள் போகிய அணிலாடு முன்றில்